படலை நமது, வெள்ளம் யாருடையது?

கல்கிசையில் காலி வீதியை விட்டிறங்கி ஏதேனும் ஓர் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். படலைக்குப் படலை ஒரு கொங்கிறீற்றுச் சரிவு! மோட்டார் வண்டி அலுங்காமல் வளவுக்குள் ஏறவேண்டுமாம். அதற்காக வீதியோரக் கானை மூடி, அடியில் ஒரு சாண் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். நடைபாதையையும் அந்தச் சரிவு விழுங்கிவிட்டது. முதியவரும் பள்ளிப் பிள்ளையும் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறார்கள்.

"என் நிலம், என் பணம்" என்பது வீட்டுக்காரரின் வாதம். நிலம் அவருடையதே. அதில் விழும் மழைநீர்? கணக்குப் பார்ப்போம். 100 சதுர மீற்றர் முற்றத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் நீர் விழுகிறது. மணலும் கபுக்கற் சரளையும் பரவிய பழைய முற்றம் அதில் ஒரு பங்கைக் குடித்தது. கொங்கிறீற்று முற்றமோ ஏறக்குறைய முழுவதையும் வீதிக்குத் தள்ளுகிறது. குழாய் குப்பையால் அடைபட, பள்ளத்தில் வாழும் ஏழையின் குசினிக்குள் வெள்ளம் நுழைகிறது. 1992 ஜூனில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டிக் கொழும்பு மூழ்கியதே, மறந்துவிட்டோமா?

நமது கமக்காரரைக் கேளுங்கள். மட்டக்களப்பு வயல்வெளியில் ஒருவன் வாய்க்காலை மறித்தால் வட்டவிதானை வாளாவிருப்பாரா? யாழ்ப்பாணத்து வெள்ளவாய்க்காலை அடைப்பவன் அயலாரின் பகையைத் தேடுகிறான் என்பதை அறியாதவர் உண்டா? ஊரில் இந்த நீதியைக் கற்ற நாம், வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் பொறியியலாளராகவும் தலைநகரில் வீடு கட்டியதும் அதை மறப்பது வெட்கக்கேடு!

சட்டம் இல்லாமலில்லை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் உண்டு. கட்டிடம் முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறவேண்டும். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த மறுமாதம் முற்றத்துக்குக் கொங்கிறீற்றுக் கலவை வந்தால் அதைப் பார்ப்பவர் யார்?

தெகிவளை-கல்கிசை மாநகரசபையிடம் நாம் கேட்பது பெரிதன்று. கானின் முழு அகலமும் திறந்திருக்கட்டும். அதன்மேல் கழற்றித் துப்புரவாக்கக்கூடிய மூடியே இருக்கட்டும். சரிவு படலைக்கு உள்ளே அமையட்டும். சில்லுகள் ஓடும் இரு தடங்களுக்கு மட்டும் கல் பதித்து, நடுவே புல் வளரட்டும். மே மாத மழைக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னர் ஒவ்வொரு வாயிலும் பரிசோதிக்கப்படட்டும். மீறுபவர் செல்வரெனினும் சரிவு உடைக்கப்படட்டும். செலவு அவரையே சாரட்டும்.

சோலைவரி செலுத்துகிறோமென்று மார்தட்டுவோருக்கு ஒரு வார்த்தை: சோலைவரிப் பற்றுச்சீட்டு வீதிக்கு எழுதிய உறுதி அன்று!