பிளாஸ்டிக் கப் போகட்டும், தனிக் குவளை வர வேண்டாம்

பிளாஸ்டிக் தடை நல்லதா என்று நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் 'நல்லதுதான்' என்பார்கள். அதே வாய்தான் ஓட்டலில் சாம்பாரைப் பாலித்தீன் பையில் கட்டித் தரச் சொல்கிறது. கடைக்காரர் 'வாடிக்கையாளர் கேட்கிறார்' என்கிறார். வாடிக்கையாளர் 'கடைக்காரர் தருகிறார்' என்கிறார்.

தமிழகத்தில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பிளாஸ்டிக் டீ கப்பும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது.

இதில் தலித் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

ஒன்று, தூக்கி எறிந்த பையை எடுப்பது யார்? நகரியத்தில் என்.எல்.சி. நிர்வாகம், வெளியே ஊராட்சிகள். எங்கே பார்த்தாலும் சாக்கடை அடைப்பை நீக்கக் குனிகிறவர்களில் பெரும்பாலோர் நம் மக்களே. தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் மற்றவர்களுக்குச் சுற்றுச்சூழல் பிரச்சினை. இவர்களுக்கு அன்றாட வேலை. வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும், தொழிலாளருக்குக் கையுறையும் முகக்கவசமும் தர வேண்டும் என 2016 திடக்கழிவு விதிகளே கூறின. அபராதத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டு, டீக்கடைக் குவளை. இரட்டைக் குவளை முறைக்கு எதிர்ப்பு வலுத்தபோது, பல ஊர்களில் தனி கிளாஸ் இருந்த இடத்துக்குத் தூக்கி எறியும் கப் வந்தது. தீண்டாமை ஒழியவில்லை, கப்புக்குள் ஒளிந்துகொண்டது. கப் போனால் மீண்டும் கண்ணாடி கிளாஸ் வரும். அது எல்லோருக்கும் ஒரே கிளாஸாக வருமா? பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 டிசம்பரில்தான் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடை மீது வழக்குப் பதிவானது.

ஓட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரில் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே, கடைகளில் பிளாஸ்டிக் சோதனைக்குப் போகும் அதிகாரிகள் கிளாஸ் வைத்திருக்கும் அலமாரியையும் பார்க்கட்டும். மாணவர்களும் அதைக் கவனிக்கலாம். பாகுபாடு கண்டால் 14566 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மஞ்சப்பை திரும்பி வரட்டும். அதோடு பழைய தீண்டாமையும் திரும்பி வந்துவிடக் கூடாது.