தோடியும் மோட்டாரும்

காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஒரே ஆட்சிக்குட்பட்ட இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே தமிழ்நாடு குறுக்கே படுத்திருக்கிறது. 1954 நவம்பர் 1-ந் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்தின் கீழ் வரும் வரையில், எல்லையைத் தாண்டினால் சுங்கச் சோதனை உண்டு. வானொலி அலைகளுக்கு மட்டும் அன்றும் சோதனையில்லை, இன்றும் இல்லை. அதனால் விளையும் தொல்லையை நான் சமீபத்தில் அநுபவித்தேன்.

நண்பர் தம் பழைய மோட்டாரில் என்னை ஏற்றிக்கொண்டார். பின் ஆசனத்தில் அவருடைய தாயார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுக்கொண்டே போகவேண்டுமென்பது அம்மாளின் ஆசை. நண்பருடைய சட்டைப்பையில் இருந்த பாட்டுப் பெட்டியில் அந்தப் பழைய ஒலிப்பதிவு இருந்தது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவியை நீட்டினார்.

"நான் மட்டும் கேட்பதா? நீங்களெல்லாம் என்ன பாவம் செய்தீர்கள்?" என்றார் அம்மாள்.

ஆகவே நண்பர் கட்டைவிரல் அளவுள்ள எப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பெட்டியில் செருகினார். அது ஒரு குட்டி வானொலி நிலையம். காலியான அலைவரிசை ஒன்றில் அது பாட, மோட்டாரின் ரேடியோ பிடித்துக்கொள்ளும். காரைக்காலில் 100.3 மெகாஹெர்ட்ஸில் அகில இந்திய வானொலி வீற்றிருக்கிறது. அதற்கு வெகுதூரம் தள்ளி நண்பர் ஓர் இடம் பிடித்தார்.

தரங்கம்பாடி, சீர்காழி வரையில் தோடி மறுபடி மறுபடி பொழிந்தது. சிதம்பரத்தை நெருங்கினோம். நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் நின்ற அந்தக் கணத்தில், எங்கிருந்தோ ஒரு குரல் ஸிமெண்டின் பெருமையைப் பேச ஆரம்பித்தது!

காரணம் இதுதான்: ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால், எப்.எம். ரேடியோ வலுத்ததைப் பற்றிக்கொண்டு மெலிந்ததை விட்டுவிடும். காரைக்காலில் காலியாயிருந்த இடம் சிதம்பரத்திலும் காலியாயிருக்க வேண்டுமென்று சட்டமில்லையே! நண்பர் ஒரு கையால் ரேடியோவைத் திருகினார். எதிரே பஸ் வந்தது.

"தோடி கிடக்கட்டுமடா, ரோட்டைப் பார்!" என்று அம்மாள் அலறினார்.

கடலூரில் ஒரு பழைய ரேடியோக் கடையில் விமோசனம் கிடைத்தது. மோட்டாரில் காஸெட் கருவி இருந்ததல்லவா? கம்பி தொங்கும் பொய்க் காஸெட் ஒன்றை வாங்கிப் போட்டோம். அதற்குள் நாடா கிடையாது. ஒரு சிறிய காந்தத் தலை, கருவியின் தலையோடு ஒட்டி நின்று பாட்டை ஒப்படைக்கிறது. அலையில்லை, ஆகவே போட்டியும் இல்லை. 'ஆக்ஸ்' துளையோ புளூடூத்தோ உள்ள மோட்டாருக்கு இதுவும் வேண்டாம்.

கம்பி போட்டுக் கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாட்டுப் பெட்டியில் ஒலியை முக்கால் பங்கு வைத்து, மிச்சத்தை மோட்டாரில் கூட்டுங்கள். பெட்டியில் குறைத்து மோட்டாரில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். பெட்டியில் முழுதும் திருகினால் நாதம் சிதறக்கூடும். மோட்டாரின் மின்சாரத்திலேயே பெட்டிக்குச் சார்ஜ் ஏற்றும்போது, இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்டால், சார்ஜ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் புறப்படுமுன் செய்துவிடுங்கள்.

புதுச்சேரியில் வீட்டு வாசலில் மோட்டார் நின்றது. தோடி நிற்கவில்லை. அது முடியும் வரையில் நாங்கள் மூவரும் இறங்கவுமில்லை.