முன்பணம் யாருடைய பணம்?

நமது அங்கத்தினர்களுள் சொந்த வீட்டில் தறி போட்டிருப்போர் பலர். வாடகை வீட்டில் போட்டிருப்போரும் பலர். விளைபொருளுக்கு நல்ல விலை வரும்வரை இருப்பு வைப்பதற்காக நகரத்தில் கிட்டங்கி பிடித்திருக்கும் விவசாயிகளும், பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து நகரத்தில் ஒரு சிறு பகுதியை வாடகைக்கு எடுத்திருக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இவர்கள் அனைவரும் குடிபுகும்போது ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுக்கிறார்கள். முன்பணம் என்றும் அட்வான்ஸ் என்றும் அதற்குப் பெயர். கொடுப்பது ஒரு நாள் வேலை. காலிசெய்த பின் அதைத் திரும்பப் பெறுவதோ பெரும்பாடாக இருக்கிறது. இது குறித்துச் சங்கத்தில் வந்து முறையிடுவோர் உண்டாகையால், நமது கருத்தை இவ்விதழில் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

மாதம் 5,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால் 50,000 ரூபாய் ஆகிறது. நெசவாளி வீட்டில் இத்தொகை சும்மா கிடந்த பணம் அன்று. பெரும்பாலும் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். அடகுக்கு வட்டி மாதந்தோறும் ஏறுகிறது. வீட்டுக்காரரிடம் இருக்கும் பணத்துக்கோ ஒரு காசு வட்டி கிடையாது. ஐந்தாண்டு கழித்துக் காலிசெய்யும்போது "வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, தரை பழுதுக்கு இவ்வளவு, மீதிக்கு அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்லக் கேட்டுத் திரும்புகிறவர், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் போய் வந்து, இறுதியில் கூலி கெடுகிறதே என்று விட்டுவிடுகிறார். இவ்வாறு விட்டுவிடுவது கூடாது என்பதே நமது கருத்து. முன்பணம் குடியிருப்பவருடைய பணம். அது வீட்டுக்காரரிடம் பாதுகாப்புக்காக இருக்கிறதேயன்றி அவருக்குச் சொந்தமானதன்று.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் நாணயமற்றவர்கள் என்று நாம் கூற வரவில்லை. நமது அங்கத்தினர்களிலேயே வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டிருப்போர் உண்டு. அவர்களுடைய சங்கடத்தையும் நாம் அறிவோம். வாங்கிய முன்பணம் மகளின் திருமணத்துக்கோ மாடி கட்டுவதற்கோ செலவாகிவிட்டது. குடியிருப்பவர் திடீரெனக் காலிசெய்கிறேன் என்றதும் கையில் பணமில்லை. அடுத்த குடி வந்து கொடுக்கும் முன்பணத்தைக் கொண்டே பழைய குடிக்குத் தீர்க்கவேண்டிய நிலை. புதிய குடி வரத் தாமதமானால் பழைய குடியின் பணமும் தாமதமாகிறது. தாமதத்தை மறைக்கச் சுவரிலும் தரையிலும் குறைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுவே என்பது நமது எண்ணம். தனிமனிதரின் குணத்தைவிடப் பணம் இருக்குமிடமே இங்கே கோளாறு.

சட்டம் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றே கூறிற்று. அச்சட்டம் நடப்பிலிருந்த காலமெல்லாம் சென்னையில் பத்து மாத வாடகை வாங்கினார்கள் என்பது ஊரறிந்த செய்தி. மிகுதியாக வாங்கிய முன்பணத்தை வாடகைப் பாக்கிக்கு ஈடுசெய்தாக வேண்டும் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1996இல் குடியிருப்பவருக்குச் சாதகமாகவே தீர்ந்தது. ஆயினும் வழக்கம் மாறவில்லை. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டம் நீங்கிற்று. புதிய சட்டத்தின்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும். காலிசெய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. 'வேறுவிதமாக ஒப்பந்தம்' என்ற அந்தச் சிறு வாசலின் வழியே பழைய பத்து மாதமும் உள்ளே வந்துவிடுகிறது என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

பிடித்தம் எது நியாயம், எது அநியாயம் என்பதே சச்சரவின் மையம். நெசவாளருக்கு இதில் தனியான ஒரு தொல்லை உண்டு. குழித்தறி போடுகிறவர் தரையில் குழி வெட்டாமல் நெய்ய இயலாது. அந்தக் குழியைக் காட்டியே முன்பணம் முழுவதையும் நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது. குடியிருப்பவர் தாம் நிலத்தில் பொருத்தியவற்றைக் காலிசெய்வதற்கு முன்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இடத்தைத் தாம் பெற்ற நிலையில் விடவேண்டும். புழக்கத்தினால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்லர். எனவே குழியை மண்ணிட்டுக் கெட்டித்து, மேலே முன்பிருந்தபடி சிமெண்டோ கல்லோ பாவிக் கொடுப்பது நம் கடமை. சாவியை ஒப்படைப்பதற்கு முன்னரே, நம் செலவில், நாமே நிறுத்திச் செய்விக்க வேண்டும். பிறகு செய்வோம் என்று விட்டால் வீட்டுக்காரர் சொல்லும் கூலியே கணக்காகிவிடும். குழியை மூடாமல் போய்விட்டு முன்பணம் முழுவதையும் கேட்பவருக்காக நாம் பரிந்து பேச இயலாது. மூடிக்கொடுத்த பின்னும் ஐந்தாண்டுப் புழக்கத்தில் தேய்ந்த வாசற்படிக்கும் வெளுத்த கதவுக்கும் காசு கேட்பதோ சட்டத்துக்குப் புறம்பானது.

வெள்ளையடிப்புக்கென ஒரு மாத வாடகை பிடிப்பது ஏதோ வேதவாக்குப்போல் நடந்து வருகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. குழாய்த் திருகும் மின்விசைப் பொத்தானும் உடைந்த சன்னல் கண்ணாடியும் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் எழுதியபடி. ஆகவே கையெழுத்திடும் நாளில் வெள்ளையடிப்பு வாசகம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடிக்கச் சொல்லவேண்டும். அன்று வாய் திறவாதவர் காலிசெய்யும் நாளில் வாதாடிப் பயனில்லை.

இனி, கேட்டும் தராதவரிடம் எவ்வாறு பெறுவது? வாய்ப்பேச்சு வீண் என்று தெரிந்தவுடன் எழுத்தில் கேட்க வேண்டும். இன்ன தேதியில் இன்ன தொகை கொடுத்தேன், இன்ன தேதியில் சாவி ஒப்படைத்தேன், இத்தனை நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வட்டியும் கோருவேன் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும் அஞ்சலில் அனுப்ப வேண்டும். வட்டி என்ற சொல்லை மறக்கலாகாது. தவணை குறித்து எழுதிவைக்காத கடனுக்கு, எழுத்துமூலம் வட்டி கேட்ட நாள்முதல் நீதிமன்றம் வட்டி வழங்கலாம் என்று 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் கூறுகிறது. இந்த ஒரு கடிதத்திலேயே பணம் வந்துவிடுவதும் உண்டு. வழக்குக்குப் போகத் துணிந்தவர் என்று தெரிந்தால் தாமதம் குறைகிறது.

அதற்கும் அசையாவிடில் வட்டச் சட்டப்பணிகள் குழுவை நாடலாம். வழக்குத் தொடுப்பதற்கு முன்பே தகராறை மக்கள் நீதிமன்றத்தின் முன் வைக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அங்கே உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. நமது நெசவாளப் பெண்டிர் பலருக்கு இது தெரியாது என்பது வருந்தத்தக்கது.

வழக்கென்று வந்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவற்றுக்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் அது நடைபெறுகிறது. சாதாரண உரிமையியல் வழக்கின் நடைமுறைச் சிக்கல்களால் அது கட்டுண்டதன்று. அச்சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் நம்மவர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் முத்திரைத்தாளோடு நின்றுவிடுகின்றன. சிலருக்கு அதுவும் கிடையாது. மற்றைத் தகராறுகள் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் பண வழக்காகச் செல்லும். பண வழக்குக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாயாயிருந்த நீதிமன்றக் கட்டணம் 2017இல் மூன்று ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 50,000 ரூபாய்க்கு 1,500 ரூபாய். 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்கில் இரண்டாம் மேல்முறையீடு இல்லை. கெடு மூன்று ஆண்டு என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்ற வாக்கை நம்பி மூன்றாண்டைக் கழித்தவர், பிறகு நீதிமன்றப் படியேறி என்ன செய்வது?

மன்றம் எதுவாயினும் அங்கே பேசுவது காகிதம். முன்பணம் கொடுத்ததற்கு ரசீதோ வங்கிக் கணக்கில் பதிவோ இல்லையெனில் கொடுத்ததே கேள்விக்குரியதாகிவிடும். குடிபுகும் நாளிலும் காலிசெய்யும் நாளிலும் கைப்பேசியில் தரையையும் சுவரையும் படமெடுத்து வைப்பதற்கு ஒரு காசு செலவில்லை. சாவி ஒப்படைத்ததற்கு இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். கடைசி மூன்று மாத வாடகையைக் கொடாமல் "முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவோர் பலர். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தாலன்றி நாம் அதை ஆதரிக்கமாட்டோம். பாக்கிதாரர் என்ற பெயரோடு வழக்காடுவது கடினம்.

இவ்வளவும் பணம் சிக்கிக்கொண்ட பிறகு செய்பவை. சிக்காமலிருக்க வழி பிற நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977இல் சட்டமியற்றி, முன்பணத்தை வீட்டுக்காரரிடம் விடாமல் அதற்கென அமைந்த வாரியத்தில் செலுத்தச் செய்தது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற திட்டமொன்றின் பாதுகாப்பில் முன்பணத்தை வைப்பது வீட்டுக்காரர் கடமையாயிற்று. இதற்கு இப்போது முப்பது நாள் கெடு. தவறியவர் முன்பணத்தின் மும்மடங்குவரை குடியிருப்பவருக்குக் கொடுக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். பணம் மூன்றாம் கையில் இருப்பதால், பிடித்தம் வேண்டுகிறவர் காரணம் காட்டியாகவேண்டும். நம் நாட்டிலோ பணத்தை வைத்திருப்பவர் பேசாமலிருந்தாலே போதும். அலைய வேண்டியவர் பணம் கொடுத்தவர்.

அந்த மூன்றாம் கை நமக்குப் புதிதாகத் தேடவேண்டியதன்று. நகரக் கூட்டுறவு வங்கியும் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் வைப்புத்தொகை வாங்குகின்றன. முன்பணத்தை வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவர் பெயரிலும், இருவரும் கையெழுத்திட்டாலன்றி எடுக்க இயலாதபடி, நிரந்தர வைப்பாகப் போட்டுவைத்தால் என்ன? வட்டி குடியிருப்பவருக்குச் சேரட்டும். வீட்டுக்காரருக்கு வேண்டிய பாதுகாப்பு சிறிதும் குறையாது. கைமாற்றாகப் பயன்படுத்தும் வசதி ஒன்றுதான் அவருக்கு இல்லாமற் போகும். அதை ஒப்புக்கொள்ளாத வீட்டுக்காரரே மிகுதி என்பது நமக்குத் தெரியாததன்று. எனினும் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்களாயிருக்கும் இடங்களிலாவது இதைத் தொடங்கலாம். நமது ஊரில் அத்தகைய வீடுகள் பல உள.

வரும் பொதுப்பேரவையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். முன்பண ரசீதுக்கும் சாவி ஒப்படைப்புக்கும் மாதிரிப் படிவங்கள் அன்று பார்வைக்கு வைக்கப்படும். வாடகைக்கு விட்டிருக்கும் அங்கத்தினர்கள் அவசியம் வருதல் வேண்டும். மறுப்பு இருப்பின் பேரவையிலேயே எழுந்து சொல்லலாம்.