கல்லூரி சர்வரில் மாணவருக்கும் ஓர் இடம்: நிலைப்பாட்டு அறிக்கை

இறுதியாண்டுத் திட்டப்பணி முடிந்ததும், தடித்த அட்டை போட்டுப் பொன்னெழுத்தில் தலைப்பு அச்சிட்ட புத்தகம் ஒன்று துறை அலமாரிக்குப் போய்விடுகிறது. பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய காகித உறைக்குள் ஒரு சிடி. ஒரு பருவம் முழுக்க மாணவர்கள் எழுதிய இணையதளம் அதற்குள் இருக்கிறது. வைவா அன்று ஒரு மடிக்கணினியில், லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியில், வெளித்தேர்வாளர் முன்னால் சில நிமிடங்கள் அது ஓடியது. அதற்குப் பிறகு அதை யாரும் திறப்பதில்லை. இப்போது வரும் மடிக்கணினிகளில் சிடி போட இடமே கிடையாது.

இந்த நிலை மாற வேண்டும் என்பதே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கணினி ஆசிரியர்களும், மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவர்களும், இப்போது படிப்பவர்களும் சேர்ந்த இந்த அமைப்பின் நிலைப்பாடு. கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் நூலக அட்டை கொடுப்பதுபோல், கல்லூரியின் சொந்த சர்வரில் ஒரு கணக்கும், வெளியுலகம் பார்க்கக்கூடிய ஒரு வலைப்பக்கமும், நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் உரிமையும் முதல் பருவத்திலேயே கொடுக்கப்பட வேண்டும். கணினித் துறை மாணவருக்கு மட்டுமல்ல. தமிழ், வணிகவியல், இயந்திரவியல் படிப்பவருக்கும் இது வேண்டும்.

இந்த வட்டாரத்துக்குத் தொழில்நுட்பக் கல்வி புதிதல்ல. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் 1963-இல் தொடங்கியது. கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-இல் வந்தது. கலை, அறிவியல் கல்லூரிகள் தனி. முப்பது கிலோமீட்டருக்குள் இத்தனை கணினிக் கூடங்கள். இவற்றில் எந்த ஒன்றையும் குறை சொல்வது இந்த அறிக்கையின் நோக்கம் அல்ல. எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஒரு கோரிக்கையையே இது முன்வைக்கிறது.

கேட்பது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. ஒரு மாணவருக்கு 500 எம்பி இடம் என்று வைத்தால், 2,000 மாணவருக்கு 1,000 ஜிபி. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரே ஹார்டு டிஸ்கில் அது அடங்கிவிடும். இயங்குதளமாக லினக்ஸ், வலை சர்வராக அப்பாச்சி, கூடவே ஒரு டேட்டாபேஸ், சி, ஜாவா, பைத்தான் எல்லாம் விலையில்லாமல் கிடைப்பவை. ஒவ்வொரு பயனரின் கோப்புறையில் இருப்பதையும் அவர் பெயரிலேயே வலைப்பக்கமாகக் காட்டும் வசதி அப்பாச்சியில் பல காலமாக இருக்கிறது. அதை இயக்க அமைப்புக் கோப்பில் சில வரிகளை மாற்றினால் போதும்.

வெளியே இலவசமாக இடம் கிடைக்கிறதே, கல்லூரி ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இலவச இடங்களின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. லட்சக்கணக்கானோர் தங்கள் முதல் பக்கத்தை எழுதிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. மாணவர்கள் திட்டப்பணிகளை ஏற்றி வைத்திருந்த ஹெரோக்கு, 2022 நவம்பர் 28-இல் இலவசச் சேவையை நிறுத்தியது. கிளிட்ச் 2025 ஜூலையில் தளங்களை வைத்திருப்பதைக் கைவிட்டது. கிட்ஹப் தரும் பக்கங்கள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன, மாணவர்கள் அவற்றையும் பயன்படுத்தட்டும். ஆனால் அங்கே நிலையான பக்கங்களை மட்டுமே வைக்க முடியும். சர்வர் பக்கத்தில் ஓடும் நிரலுக்கு அங்கே இடமில்லை.

சர்வரில் கைவைத்துப் பார்க்கும்போது வரும் அறிவு வேறு. பக்கத்தை ஏற்றிவிட்டுத் திறந்தால் முதலில் வருவது பெரும்பாலும் 403 என்ற பிழைதான். கோப்பைப் படிக்கும் அனுமதி மற்றவர்களுக்கு இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்று மாற்றியதும் பக்கம் திறக்கிறது. புத்தகத்தில் ஒரு அட்டவணையாகப் படித்து மறந்த விஷயம், இப்போது மறக்காது. அடுத்து, தளத்துக்கு யார் வந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். தளம் வெளியுலகுக்குத் தெரிந்த சிறிது நேரத்திலேயே எங்கிருந்தோ வரும் தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கியிருக்கும். வேர்ட்பிரஸ் நிறுவாத சர்வரில்கூட வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கத்தை அவை தேடும். கடவுச்சொற்கள் எழுதி வைக்கும் மறைகோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். தன் பக்கத்தின் பதிவேட்டில் இந்த வரிகளைப் பார்த்த மாணவருக்கு, இணையப் பாதுகாப்பு ஏன் தேவை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கல்வி நிறுவனக் கணினிகள் இப்படித் திறந்திருந்ததால் விளைந்தவை கண்முன்னே இருக்கின்றன. ஜெர்மனியின் உதவியோடு 1973-இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155 கணினியில், துளையட்டைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்து நிரல் கற்றார்கள் மாணவர்கள். தமிழ் வலைக்கு ஏறிய வரலாறும் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்தே தொடங்குகிறது. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் சேர்ந்து உழைத்தார். அந்த நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட தளத்தை 1995 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தபோது, தமிழ்க் கவிதைகளும் திரையில் தமிழ் எழுத்திலேயே தெரிந்தன. ஒரு தமிழாசிரியரின் எழுத்துரு முயற்சிக்குப் பல்கலைக்கழகம் தன் கணினியைத் திறந்து கொடுத்ததால்தான் அது நடந்தது. தமிழ்த் துறை மாணவருக்கும் கணக்கு வேண்டும் என்று இந்த அமைப்பு சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

அமெரிக்காவின் எம்ஐடியில் முதல் வலை சர்வரை 1993-இல் நிறுவியது ஒரு மாணவர் அமைப்பு. டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று தொடங்கும் முகவரி மாணவர்களிடம் இருந்ததால், நிறுவனம் தன் அதிகாரபூர்வத் தளத்தை ‘வெப்’ என்று தொடங்கும் முகவரியில் பல ஆண்டுகள் நடத்தியது. ஸ்டான்ஃபோர்டில் யாஹூவும் கூகுளும் பல்கலைக்கழக முகவரியிலேயே முதலில் ஓடின. யாஹூவுக்கு வந்த கூட்டத்தைக் கல்லூரி வலையமைப்பு தாங்காமல் போனதும் 1995-இல் அது வெளியே இடம் மாறியது. முதல் நாளே தடுத்திருந்தால் மாறுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

நிர்வாகங்களின் அச்சம் பொய்யானது என்று இந்த அமைப்பு சொல்லவில்லை. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து அவிழ்த்துவிட்ட நிரல் அன்றைய இணையத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதற்கு விடையாக கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவிக் குழு ஒன்று அந்த மாதமே அமைக்கப்பட்டது. மாணவர் கணக்குகள் உலகெங்கும் மூடப்பட்டுவிடவில்லை. இங்கே சட்டப் பொறுப்பும் கூடியிருக்கிறது. இந்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சிறிய கல்லூரிகளில் இந்தச் சுமையும் ஒரே சிஸ்டம் அட்மின் தலையில்தான் விழும். சிசிடிவி கேமரா, விரல்ரேகை வருகைப்பதிவு, ஆன்லைன் தேர்வு எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர். அவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே மாணவர் சர்வர் தனிப் பெட்டியாகவும் தனி வலையமைப்பிலும் இருக்க வேண்டும். அதிலிருந்து தேர்வு மதிப்பெண், கட்டணம், வருகைப்பதிவு எதற்கும் வழி இருக்கக் கூடாது. முகவரியும் தனியாக வேண்டும். பயனர் பக்கங்களில் இருக்கும் நிரல், முதன்மைத் தளத்தின் உள்நுழைவுக் குக்கீகளைத் தொடக் கூடாது என்பதற்காக 2013 ஏப்ரலில் கிட்ஹப் நிறுவனமே அவற்றை வேறொரு டொமைனுக்கு மாற்றியது. கல்லூரிகள் அதைப் பின்பற்றலாம். ஒருவரின் முடிவில்லா லூப் மற்றவர்களின் வேலையை நிறுத்தாதபடி நினைவகத்துக்கும் பிராசஸருக்கும் வரம்பு வைக்க வேண்டும். மின்னஞ்சல் வெளியே அனுப்பும் வழியை அடைத்துவிட்டால் குப்பை அஞ்சல் தொல்லை பெருமளவு தீரும். கிரிப்டோ சுரங்கம், திருட்டுப் படம், வியாபாரம், அனுமதியில்லாமல் பிறர் படம் போடுவது ஆகியவற்றுக்குத் தடை. விதிகள் ஒரே பக்கத்தில், தமிழிலும், மாணவர் கையெழுத்தோடு.

உள்ளடக்கத்தில் இந்த அமைப்பு உறுதியாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் துறைத்தலைவரின் முன் அனுமதி என்று வைத்தால், எழுதத் துணிபவர் இருக்க மாட்டார்கள். புகார் வந்தால் பக்கத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, ஆசிரியரும் மாணவரும் இருக்கும் குழு ஒரு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். கல்லூரிப் பேருந்தையோ கேன்டீனையோ குறை சொன்னதற்காக எந்தப் பக்கமும் நீக்கப்படக் கூடாது.

பாலிடெக்னிக் மாணவர் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து வருபவருக்கு 15, 16 வயதுதான் இருக்கும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. கணக்கு கொடுக்கும்போதே பெற்றோர் ஒப்புதல் வாங்குவதும், வெளியில் தெரியும் பக்கத்தில் பதிவெண், படம், ஊர், கைபேசி எண் இல்லாமல் பார்ப்பதும் கல்லூரியின் கடமை.

மாலையில் லேப் திறந்திருந்தால் போதாதா என்றும் கேட்கப்படுகிறது. விடுதி மாணவருக்குப் போதும். மம்சாபுரத்திலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் தளவாய்புரத்திலிருந்தும் கல்லூரிப் பேருந்தில் வந்து போகும் மாணவிக்கு அந்த லேப் இருந்தும் இல்லாததுதான். பேருந்து கிளம்பும் நேரத்தில் அவள் அதில் இருக்க வேண்டும். வீட்டில் மடிக்கணினி இல்லாவிட்டாலும் கைபேசி இருக்கிறது. டெர்மக்ஸ் போன்ற செயலியிலிருந்து எஸ்எஸ்எச் வழியே கல்லூரி சர்வருக்குள் நுழைந்தால், கம்பைல் செய்வது அங்கிருக்கும் இயந்திரம். சிறு திரையில் தட்டச்சு செய்வது சிரமம்தான், ஆனாலும் இரவு ஒன்பது மணிக்கு அவளால் வேலை செய்ய முடியும். வெளியிலிருந்து நுழைய வழியில்லாத மாணவர் சர்வர், கிராமத்து மாணவர்களை விட்டுவிட்ட சர்வராகவே இருக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. திட்டப்பணியை விலைக்குச் செய்து தரும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’கள் தமிழ்நாடெங்கும் இருப்பது யாருக்கும் ரகசியம் அல்ல. நிரல் மூன்று ஆண்டுகளாக, தேதி வாரியாக, மாணவரின் சொந்தக் கணக்கில் வளர்ந்து வந்தால் கடைசி மாதத்தில் வாங்கி ஒட்டுவது எளிதல்ல. வெளித்தேர்வாளரும் வருவதற்கு முன்பே பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம்.

எழுதவும் இங்கே பொருள் குவிந்திருக்கிறது. செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணில்கள், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், முன்னாள் முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவாக்கிய காந்தி கலை மன்றம் என ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் தமிழில் எழுதிய நல்ல தளம் இருக்க வேண்டும்.

யார் நடத்துவது? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1989 முதல் மாணவர்களே தொண்டர்களாக நின்று சக மாணவர்களுக்கு வலையிடம் கொடுக்கும் கணினிக் கூடத்தை நடத்துகிறார்கள். இங்கேயும் பொறுப்பாசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், மூன்றாமாண்டு மாணவர்கள் இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கும்படி நடத்தலாம். படிப்பு முடிந்தபின் ஓராண்டு வரை பக்கங்கள் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுத்துச் செல்லும் வசதியும் வேண்டும்.

வரும் கல்வியாண்டில் ஒரு கல்லூரியில் ஒரு துறையின் ஒரு வகுப்போடு தொடங்கலாம் என்று இந்த அமைப்பு முன்மொழிகிறது. சர்வர் நிர்வாகம் தெரிந்த உறுப்பினர்கள் சனிக்கிழமைகளில் வந்து கட்டணமின்றி நிறுவித் தருவார்கள். முதல் ஆண்டு முழுவதும் உடனிருந்து கவனிப்பார்கள். கல்லூரி தர வேண்டியவை, ஓரளவு நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய கணினி, யுபிஎஸ் இணைப்பு, ஒரு பொது ஐபி முகவரி, வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஓர் ஆசிரியர், முதல்வர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம்.