ஓஹோ புரொடக்‌ஷன்ஸ், பழவேற்காடு கிளை

ஹாலிவுட்காரர்களுக்குத் தங்களைத் தாங்களே கிண்டல் பண்ணிக்கொள்வதில் ஓர் அலாதி சந்தோஷம். எம்.ஜி.எம். ஸ்டூடியோ 1952-ல் எடுத்த 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தில், பேசும்படம் வந்த புதுசில் மைக்கை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் செடிக்குள் வைத்துவிட்டு அவஸ்தைப்படுவார்கள். 2016-ல் வந்த கோயன் சகோதரர்களின் 'ஹெய்ல், சீஸர்!' படத்தில் ஷூட்டிங்கிலிருந்து ஹீரோவையே கடத்திவிடுவார்கள். பாவம் ஸ்டூடியோ நிர்வாகி, அதை மூடி மறைத்தபடியே மற்ற படங்களையும் ஓட்டவேண்டும். அந்தக் காலத்தில் ஸ்டார், டைரக்டர் எல்லோரும் ஸ்டூடியோவின் சம்பளக்காரர்கள். நம்ம ஆபீஸ் மாதிரிதான். மேக்கப் மட்டும் கூடுதல்!

நம்ம ஊரில் இந்தக் கிண்டலை 1964-லேயே நாகேஷ் செய்துவிட்டார். அதுவும் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை. 'சர்வர் சுந்தர'த்தில் ஸ்டூடியோ கேட்டுக்கு உள்ளே. எம்.எஸ்.வி. ஆர்கெஸ்ட்ரா நடத்த, டி.எம்.எஸ். பாட, ஒரு பாட்டு எப்படித் தயாராகிறது என்பதையே அதில் ஏவி.எம். காட்டியது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் கேட்டுக்கு வெளியே. செல்லப்பா, உரிமையாளர், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்!

இந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் ரொம்பச் சுருக்கம். சொத்து: ஒரு பெயர், ஒரு சச்சு. முதலீடு: அப்பா பாலையாவின் பாக்கெட். கதை: நில்.

போன மாசம் சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பூநாரை பார்க்கப் போன இடத்தில் டீக்கடை டிவியில் செல்லப்பா கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதேதான், பாலையா நடுநடுங்கும் அந்தப் பேய்க்கதை. கடையே சிரித்தது. வாசலில் வலைக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னா சார் சிரிக்கிறது? பயப்படறது அப்பன்தானே. பணம் அவனோடதாச்சே!"

பக்கத்திலிருந்த அவர் மகனுக்குச் சுருக்கென்றது. எனக்கு அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பையனுக்குச் சொந்தமாக ஃபைபர் போட்டும் இன்ஜினும் வாங்கவேண்டும். கடன் வாங்க அப்பா சம்மதிக்கவேண்டும்.

"அண்ணே, நான் செல்லப்பா இல்லண்ணே. என்கிட்ட கதை இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தான். டீசல், ஐஸ், ஆள் கூலி, வலை, மாசத் தவணை... என் பி.காம். மூளைக்கே பொறாமை வந்தது. பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன்.

இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று ஊர்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள். சண்டை வராமல் எல்லோருக்கும் வயிறு நிறையவேண்டும் என்ற கணக்கு. அதிலேயே வளர்ந்த பெரியவர் நிதானமாகக் கேட்டார்:

"ஏரியில நம்ம முறை வந்தாத்தான் வலை. கடல்ல காத்து ஒத்துக்கிட்டாத்தான் போட்டு. வட்டி மட்டும் எந்த முறையும் பார்க்காது. அது எங்கடா எழுதியிருக்கு?"

பேப்பரை மறுபடி பார்த்தேன். மாசம் முப்பது நாளும் கடலுக்குப் போவதாகக் கணக்கு!

பையன் என்னிடம் பேனா வாங்கினான். 'போகாத நாள்' என்று ஒரு வரி எழுதி, கூட்டலை முதலிலிருந்து போட்டான். லாபம் பாதியாக இளைத்தது. ஆனால் செத்துப் போகவில்லை. பெரியவர் வலையைக் கீழே வைத்தார்.

"இப்பத்தான்டா கதைல வில்லன் வந்திருக்கான். மேல சொல்லு!"

சொந்த பிசினஸ் கனவோடு பஸ் பிடிக்கும் தம்பிகளே, போர்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். பாலையாக்கள் அத்தனை கஞ்சர்கள் இல்லை. முழுக் கதை கேட்கிறார்கள், அவ்வளவுதான்!