பிள்ளைகளின் பின்னலைக் கொஞ்சம் தளர்த்துங்கள்

கரவெட்டியிலும் அயலூர்களிலும் இருக்கும் என் உறவுகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளின் தலையைப் பின்னி விடும் அம்மாமாருக்கும் அம்மம்மாமாருக்கும்,

ரொறன்ரோ, ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழா நெருங்கும்போது இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் கூடுவார்கள். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் கூடும். "அக்கா, நீங்கள் சலூனிலதானே வேலை, முடி வளருற ஷாம்பூ ஒண்டு ஆரிட்டையும் குடுத்து விடுங்கோ." "மாமி, இவளுக்குத் தலைமயிர் கொட்டுது, அங்கத்தை எண்ணெய் ஏதும் இருந்தா அனுப்புங்கோ." உரிமையோடு கேட்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தோசம்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதிலை இம்முறை எல்லோருக்குமாக எழுதுகிறேன். இங்கே இந்தத் தொழிலுக்குப் பயிற்சிக் காலம் முடித்து, பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். அந்தப் பயிற்சியில் படித்ததையும், வேலையில் கண்டதையும், எங்கள் கிணற்றடியில் அம்மம்மா செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முடியை வளர்க்கும் ஷாம்பூ என்று ஒன்று கனடாவிலும் இல்லை. ஷாம்பூவின் வேலை அழுக்கைக் கழுவுவது. தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சென்ரிமீற்றர், வருடத்துக்கு 15 சென்ரிமீற்றர் அளவில் வளரும். எந்த எண்ணெய் வைத்தாலும் இந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு மயிரும் 2 முதல் 7 வருடம் வரை வளர்ந்து, சில மாதம் ஓய்ந்திருந்து, விழுந்துவிடும். பிறகு அதே குழியில் புதியது முளைக்கும். எத்தனை வருடம் வளரும் என்பது பிறப்போடு வருவது. அதனால்தான் ஒருத்திக்கு இடுப்புக்குக் கீழேயும் இறங்குகிறது, இன்னொருத்திக்கு நடு முதுகோடு நின்றுவிடுகிறது. ஆகவே பிள்ளைகளிடம் "அவளின்ர கூந்தலைப் பார், உன்ர எலிவாலைப் பார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பத்து வயதில் கேட்ட அந்தப் பேச்சை நாற்பது வயதிலும் மறக்காத பெண்கள் என்னிடம் வருகிறார்கள்.

வளர்வது எங்கள் கையில் இல்லை. வளர்ந்ததை உடையாமல் வைத்திருப்பது எங்கள் கையில் இருக்கிறது. இடுப்பு வரை இறங்கிய கூந்தலின் நுனிக்கு ஏறத்தாழ ஐந்து வயது இருக்கும். ஐந்து வருட வெயிலும் சீப்பும் றிபனும் தலையணை உரசலும் அந்த நுனியில்தான் சேர்ந்திருக்கின்றன. மயிரின் வெளிப்புறம் கூரையில் ஓடு அடுக்கியதுபோல மெல்லிய செதில்களால் ஆனது. உரசலில் அந்தச் செதில்கள் எழும்பும், தேயும், பிறகு உள்ளே இருக்கும் நார் பிளந்து நுனி வெடிக்கும். மயிர் உயிரற்றது, தோலைப் போலத் தானாக ஆறாது. வெடித்த நுனியை ஒட்டுவதாகச் சொல்லும் எந்தப் பூச்சும் அடுத்த முழுக்கோடு போய்விடும். வெட்டுவதுதான் வழி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுனியில் ஒரு விரல்கடை வெட்டிவிடுங்கள். வெட்டினால் வேகமாக வளரும் என்பது உண்மையில்லை. ஆனால் வெட்டாவிட்டால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும்.

எங்கள் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். அந்தத் தண்ணீரில் உடம்புக்குப் போடும் சவர்க்காரத்தையே தலைக்கும் போட்டால் இரண்டும் சேர்ந்து கரையாத கசடாகி மயிரில் ஒட்டிக்கொள்ளும். தலை காய்ந்ததும் சொரசொரவென்று இருப்பதும், சீப்பு இறங்க மறுப்பதும் அதனால்தான். அம்மம்மா சீயாக்காயோடு தேசிக்காயையும் வெட்டிப் போட்டு அவித்தாரே, அதன் அருமை எனக்கு இங்கே படிக்கும்போதுதான் விளங்கியது. சீயாக்காயில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது, அது சுண்ணாம்போடு சேர்ந்து கசடாவதில்லை. தேசிக்காயின் புளிப்பு படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும், எழும்பிய செதில்களைப் படிய வைக்கும். வேதியியல் தெரியாமலே எங்கள் கிழவிகள் கிணற்றுத் தண்ணீருக்கு ஏற்ற மருந்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அவிக்க நேரம் இல்லாதவர்கள் ஷாம்பூ போடுங்கள், குற்றமில்லை. அதைத் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். நீளத்துக்கு வழிந்து வரும் நுரையே போதும். கடைசி வாளித் தண்ணீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். தேசிப்புளியை நேரே தோலில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டாம், தோல் வெந்து கறுக்கும். சீயாக்காய்த் தூள் என்றால் கரைத்து வடித்துப் போடுங்கள். கப்பியோடு தேய்ப்பதும் ஒரு உரசல்தான்.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் நல்லது, அதற்குச் சான்று உண்டு. 2003இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், மயிரின் புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அதில் உள்ள லோரிக் அமிலம் மயிருக்குள்ளேயே இறங்கக்கூடியது. தண்ணீரில் மயிர் ஊதிச் சுருங்குவதை அது மட்டுப்படுத்தும். ஆகவே முழுகுவதற்கு முன்தான் எண்ணெய்க்கு அதிக வேலை. முதல்நாள் இரவோ, ஒரு மணித்தியாலம் முன்னரோ, நீளத்துக்கும் நுனிக்கும் பூசுங்கள். எங்கள் வீடுகளில் உள்ளங்கை நிறைய எண்ணெயை உச்சியில் அப்பிவிட்டு நுனியை மறந்துவிடுகிறோம். உச்சியில் இருப்பது இப்போதுதான் முளைத்த மயிர், அதற்கு அவ்வளவு பசி இல்லை.

பொடுகு இருந்தால் தலைத்தோலுக்கு எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குத் துணைபோகும் நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையை உண்டுதான் பெருகுகிறது. தோல் காய்ந்து உதிர்கிறது என்று நினைத்து மேலும் மேலும் எண்ணெய் வைப்பது அதற்குச் சாப்பாடு போடுவதாகும். பாமசியில் கீற்றோகொனசோல் ஷாம்பூ கேளுங்கள். தலைத்தோலில் பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள், கிழமைக்கு இரண்டு தரமாகச் சில கிழமை செய்யுங்கள். கையாந்தகரை, செவ்வரத்தை, கறிவேப்பிலை போட்டு வீட்டில் காய்ச்சும் எண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன். மயிர் வழுவழுப்பாக இருக்கும், வாசமும் நல்லது. அதையே அழகான போத்தலில் அடைத்து ஆயிரக்கணக்கில் விலை போட்டு, முப்பது நாளில் முழங்கால் வரை வளரும் என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இந்த மடலின் முக்கிய விசயம் பள்ளிக்கூடப் பின்னல். விடிய எழுப்பி, கிணற்றில் தோய வார்த்து, துவாயால் கசக்கித் துடைத்து, ஈரம் சொட்டச் சொட்ட இழுத்து வாரி, இரண்டு பின்னலும் மடித்துக் கட்டி, றிபன் முடிந்து, ஏழரை மணிக்குள் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். என் தலையும் அப்படித்தான் வளர்ந்தது. ஈர மயிர் பலம் குறைந்தது, இழுத்தால் றப்பர்போல நீண்டு அறும். ஈரத்தோடு முடிந்தால் மத்தியானம் வரை உள்ளே காயாது. நாற்றமும் பூஞ்சணமும் அங்கேதான் தொடங்குகின்றன.

இறுக்கம் அதைவிட மோசம். நெற்றிப் பொட்டின் இரு புறமும் மயிர் பின்வாங்கிய எங்கள் ஊர்ப் பெண்களை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். பரம்பரை என்று நினைத்திருப்பார்கள். சிறு வயதிலிருந்து இறுக்கிக் கட்டியதன் விளைவு அது. கொண்டையை இறுக்கி உயர்த்திக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் இதே வழுக்கையை 1907இலேயே மருத்துவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் கண்டு தளர்த்திவிட்டால் மயிர் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்தால் வேர்க்குழி தழும்பாகிவிடும், பிறகு முளைக்காது. பின்னி முடித்ததும் பிள்ளை "நோகுது" என்றால் நம்புங்கள். நெற்றியோரம் சின்னச் சின்னப் பருக்கள் தெரிந்தால், அல்லது தோல் இழுபட்டு நின்றால், அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள்.

பள்ளி நாட்களில் காலையில் மேல் கழுவினால் போதும். தலைமுழுக்கைச் சனி, ஞாயிறுக்கோ பின்னேரத்துக்கோ மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு முழுகத்தான் வேண்டும் என்றால், பள்ளி விட்டு வந்த பிறகு முழுகட்டும். துவாயால் கசக்காமல் ஒற்றி எடுங்கள், பழைய பருத்திச் சாரம் இன்னும் நல்லது. அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே போங்கள். சிக்குக்கு மேலே மயிரைக் கையால் பிடித்துக்கொண்டால் இழுவை வேருக்குப் போகாது. உச்சி பிரிக்கும் கோட்டை இடையிடையே மாற்றுங்கள். பின்னலின் முதல் இரண்டு மடிப்பைத் தளர விடுங்கள். வெறும் றப்பர் வளையத்தைத் தவிர்த்துத் துணி சுற்றியதைப் போடுங்கள்.

இரவுக்கு ஒரு விசயம் என்னோடு வேலை செய்த ஜமெய்க்கப் பெண்ணிடம் படித்தேன். ரொறன்ரோவில் எக்லின்ரன் வீதியின் மேற்குப் பக்கம் 'லிற்றில் ஜமெய்க்கா' என்று ஒரு பகுதி இருக்கிறது, சலூன்களுக்குப் பேர்போனது. ஜமெய்க்கப் பெண்களின் மயிர் நெருக்கமாகச் சுருண்டது, எங்களுடையதை விடச் சுலபமாக உடையக்கூடியது. அப்படியிருந்தும் பொறுமையாகப் பின்னி, படுக்கும்போது சற்றின் துணியால் மூடி, அதை நீளமாகக் காக்கிறார்கள். பருத்தித் தலையணையில் இரவு முழுக்க உரசுவதை அந்தத் துணி தடுக்கிறது. இங்கத்தைப் பனிக்காலத்தில், வீட்டுக்குள் சூடாக்கியின் வறட்சியும் வெளியே கம்பளித் தொப்பியின் உரசலுமாக என் நுனிகள் ஒடிந்துகொண்டிருந்தன. அந்தப் பழக்கம்தான் அவற்றைக் காப்பாற்றியது. உங்களிடம் பழைய பட்டுச் சேலைகள் இருக்கும், ஒன்றைக் கிழித்துத் தலையணை உறை தையுங்கள். இரவில் ஒற்றைப் பின்னலாகத் தளரப் பின்னிவிடுங்கள்.

பேனுக்கு மண்ணெண்ணெய் வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். உடனே நிறுத்துங்கள். அது தோலை வேக வைக்கும். அடுப்பும் குப்பிவிளக்கும் இருக்கும் வீட்டில் அந்தத் தலையோடு பிள்ளை நடமாடுவதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. நனைத்துக் கொண்டிஷனர் பூசிய தலையைப் பேன் சீப்பால் சிறு சிறு பகுதியாக வாருங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், அதனால் சில நாளுக்கு ஒரு தரமாக இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து வார வேண்டும். வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள்.

நாளுக்கு 50 முதல் 100 மயிர் விழுவது வழமை. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக விழும். மாரி மழையோடு டெங்கு வந்தவர்களுக்குப் பங்குனி, சித்திரையில் தலை கொட்டுவது இதனால்தான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கித் திரும்ப வளரும், எதையும் வாங்க ஓடாதீர்கள். அப்படி அடங்காவிட்டால், அல்லது களைப்பும் மாதவிடாய்க் கோளாறும் சேர்ந்திருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பரிசோதியுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். தேயிலை, சாப்பாட்டின் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

கலியாணத்துக்கு முன் மயிரை நேராக்கப் போகும் தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. நேராக்கும் பூச்சுகள் சிலவற்றில் போர்மல்டிகைட் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 2010இல் கனடாவின் சுகாதாரத் திணைக்களமே இப்படியான ஒரு பூச்சைப் பற்றி எச்சரித்தது. பூசும்போது கண்ணும் தொண்டையும் எரிந்தால் எழும்பி வந்துவிடுங்கள். ஐந்து வருடம் காத்த கூந்தலை ஒரு நாள் படத்துக்காகக் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பாடசாலை அதிபர்மாருக்கும் ஆசிரியைமாருக்கும். பிள்ளைகள் ஒழுங்காகத் தலை கட்டி வர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான், அந்த ஒழுங்கில் வளர்ந்தவள் நான். ஒழுங்குக்கு இறுக்கம் தேவையில்லை. தளரப் பின்னி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள். தலை காயாத பிள்ளைக்கு இடைவேளையில் பின்னலை அவிழ்த்து உலர்த்த அனுமதி கொடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், இந்த மடலை வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை