‘எத்தனை பர்சன்ட்?’னு கேக்குறதுக்கு முன்னாடி ‘எதுல?’னு கேளுங்க



நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்விகளைப் பார்த்தீங்கன்னா முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். "10% ஹைக் கொடுத்திருக்காங்க, போதுமா?", "12% வட்டிக்கு லோன் தர்றாங்க, வாங்கலாமா?", "சம்பளத்துல 20% சேமிச்சா சரியா?" இப்படி. மூணு கேள்விக்கும் என் பதில் ஒரே வார்த்தைதான்: எதுல?

பர்சன்ட்ங்கிறது வேற ஒண்ணும் இல்ல, நூறைக் கீழ போட்டு எழுதுற ஒரு பின்னம். ஸ்கூல்ல படிச்சோமே, மேல இருக்கிறது தொகுதி, கீழ இருக்கிறது பகுதி. பணம் சம்பந்தப்பட்ட விளம்பரம், ஆஃபர் லெட்டர், லோன் பேப்பர் எல்லாத்துலயும் மேல இருக்கிற எண்ணைப் பெருசா போட்டுக் காட்டுவாங்க. கீழ எதை வச்சு வகுத்தாங்கன்னு நாமதான் தேடிப் பார்க்கணும். நம்ம வயசுல பணத்தை இழக்கிற இடம் பெரும்பாலும் அந்தக் கீழ் எண்தான்னு நான் நினைக்கிறேன்.

பின்னம் நமக்குப் புதுசு இல்ல

"எனக்கு மேத்ஸ் வராது ப்ரோ"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். அரை, கால், அரைக்கால்னு ஆரம்பிச்சு மாகாணின்னா பதினாறுல ஒண்ணு, முந்திரின்னா முந்நூத்தி இருபதுல ஒண்ணுன்னு பேர் வச்சுப் புழங்கின மொழி நம்மளுது. ஒரு படியில எட்டுல ஒரு பங்கு ஆழாக்கு. 1957-ல நயா பைசா வந்து இத்தனை வருஷம் ஆகியும் கால் ரூபாயை நாலணான்னு சொல்ற பெரியவங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க.

வேலை செய்யுற இடத்துலயும் இதேதான். கட்டடம் கட்டுற இடத்துல "நாலு நூல் கம்பி"ன்னு கேட்டிருப்பீங்க. ஒரு இஞ்சுல எட்டு நூல், அதனால நாலு நூல்னா அரை இஞ்ச். கலவை "ஒண்ணுக்கு ஆறு"ன்னா அதுல சிமெண்ட் ஆறுல ஒரு பங்கு இல்ல, ஏழுல ஒரு பங்கு. ஏன்னா சிமெண்ட் ஒண்ணு, மணல் ஆறு, மொத்தம் ஏழு. இது எந்த மேஸ்திரியும் குழம்பாத கணக்கு. ஆனா "ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ"ன்னு பார்த்ததும் பாதி விலைன்னு நினைச்சு மூணு சட்டை எடுத்துட்டு வர்றது நாம. மூணு சட்டைக்கு ரெண்டு சட்டைக் காசு, அதாவது தள்ளுபடி மூணுல ஒரு பங்குதான். "50% + 20% ஆஃப்"ங்கிறதும் 70% இல்ல. பாதி போக மீதி இருக்கிற பாதியில அஞ்சுல ஒரு பங்கு குறையுது, மொத்தம் 60%.

சட்டையில தப்பினா நூறு, இருநூறு போகும். சம்பளத்துல தப்பினா?

ஆறு லட்சத்தை 12-ஆல வகுக்காதீங்க

ஆஃபர் லெட்டர்ல சி.டி.சி. ஆறு லட்சம். உடனே மனசு 12-ஆல வகுத்து மாசம் 50,000-னு வீடு பார்க்க ஆரம்பிச்சிடும். கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

பேசிக் 40%, அதாவது மாசம் 20,000-னு வைங்க. கம்பெனி போடுற பி.எஃப். 12%, வருஷத்துக்கு 28,800. கிராஜுவிட்டின்னு சுமார் 11,540. வேரியபிள் பே 10%, 60,000. இது மூணும் சி.டி.சி.-க்குள்ள இருக்கு, ஆனா மாசா மாசம் கைக்கு வராது. மீதியைப் 12-ஆல வகுத்தா சுமார் 41,640. அதுல உங்க பங்கு பி.எஃப். 2,400 போனா 39,240. தொழில் வரி, இன்ஷூரன்ஸ் பிடித்தம் இருந்தா அதுவும் தனி. (சில கம்பெனிகள் பி.எஃப்.-ஐ 15,000 ரூபாய் வரைக்கும் மட்டும் கணக்கு வச்சு 1,800 பிடிப்பாங்க, அப்போ கணக்கு கொஞ்சம் மாறும்.)

ஆக நீங்க மனசுல நினைச்ச 50,000-ல அஞ்சுல நாலு பங்குக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் கைக்கு வருது. இப்போ 50-30-20 ரூல் போடுறீங்க. பாதி அத்தியாவசியச் செலவுக்கு. எதுல பாதி? சி.டி.சி.-ல பாதின்னா 25,000. கைக்கு வர்றதுல பாதின்னா 19,600. நடுவுல இருக்கிற 5,400 ரூபாய் மாசா மாசம் கிரெடிட் கார்டுல போய் உக்காரும். ரூல் தப்பில்ல, கீழ போட்ட எண் தப்பு.

இன்னொண்ணு. 2019-ல நிறைவேறின ஊதியச் சட்டத் தொகுப்புல ஒரு ‘பாதி’ இருக்கு. ஊதியத்துல சேராத படிகள் மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டின பகுதி ஊதியமாவே கணக்காகும். பேசிக்கைக் குறைச்சுப் படிகளைக் கூட்டி வச்சிருந்த கம்பெனிகளுக்கு இது பொருந்தும். இதனால கைக்கு வர்றது கொஞ்சம் குறைஞ்சாலும் பி.எஃப்., கிராஜுவிட்டி கூடும். கைக்கு வரலைன்னா காசு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஆனா மாசச் செலவைத் திட்டம் போடும்போது அந்தக் காசு கையில இல்லைங்கிறதும் உண்மை.

15/26: வேலையை விடுறதுக்கு முன்னாடி

1972-ஆம் வருஷச் சட்டப்படி கிராஜுவிட்டி கணக்கு இப்படித்தான் இருந்துச்சு: கடைசியா வாங்கின பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகை × 15/26 × வேலை பார்த்த வருஷங்கள். 15 ஏன்னா வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம். 26 ஏன்னா முப்பது நாள்ல நாலு ஞாயிறு போக மீதி வேலை நாள். கீழ 30 போடாம 26 போட்டது நமக்கு லாபம். 30-ன்னா அரை மாசச் சம்பளம், 26-ங்கிறதால அதைவிடக் கொஞ்சம் கூட வருது.

பேசிக் 26,000-னா வருஷத்துக்கு 15,000. அஞ்சு வருஷத்துக்கு 75,000. ஆனா பொதுவா அஞ்சு வருஷம் முடிக்கணும். (ஃபிக்ஸ்டு டெர்ம் கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்குப் புதுச் சட்டத்துல விதி வேற, உங்க ஹெச்.ஆர். கிட்ட கேட்டுக்குங்க.)

நாலரை வருஷத்துல புது ஆஃபர் வருதுன்னு வைங்க. கைக்கு மாசம் 10,000 கூட. ஆறு மாசம் காத்திருந்தா 60,000 இழப்பு, 75,000 வரவு. புது இடத்துல தேதி தள்ளிக் கொடுப்பாங்கன்னா இருக்கிறது லாபம். அதே ஆஃபர் மாசம் 20,000 கூடன்னா, காத்திருந்தா 1,20,000 போகும், கிளம்புறதுதான் லாபம். "அஞ்சு வருஷம் முடிச்சிட்டுப் போ"ன்னு வீட்ல சொல்றதும் "உடனே ஜம்ப் பண்ணு"ன்னு ஃப்ரெண்டு சொல்றதும் பொதுவா சொல்றது. உங்க பேசிக் எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

லாஸ் ஆஃப் பே-லயும் இதே கதைதான். 30,000 சம்பளத்துல ஒரு நாள் லீவுக்கு 30-ஆல வகுத்தா 1,000 பிடிப்பாங்க. 26-ஆல வகுத்தா 1,154. வேலை நாள் 22-ஆல வகுத்தா 1,364. உங்க கம்பெனி எதால வகுக்குது? லீவுக்குக் காசா திருப்பித் தரும்போதும் அதே எண்ணாலதான் வகுக்குதா? இதைக் கேக்குறது சண்டை போடுறது இல்ல, மெயில்ல ஒரு வரி.

லோனும் தங்கமும்

போனுக்கோ பைக்குக்கோ 1,20,000 கடன், 12% ஃப்ளாட், பன்னிரண்டு மாசம். வட்டி 14,400, மாசத் தவணை 11,200. எளிமையாத் தெரியுது இல்ல? ஆனா மாசா மாசம் அசலை அடைச்சுக்கிட்டே வர்றீங்க. ஆறு மாசத்துக்கு அப்புறம் உங்க கையில அவங்க காசு பாதிதான் இருக்கு. வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழு 1,20,000-க்கு. குறையுற பாக்கியை வச்சுக் கணக்குப் போட்டா இது 21 சதவீதத்துக்கு மேல வருது. நிஜமான 12%-ன்னா மொத்த வட்டி 8,000 ரூபாய்க்குள்ளதான் இருக்கும். மேல அதே 12, கீழ வேற தொகை, வட்டி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

ஊர்ல "ரெண்டு வட்டி"ன்னு சொல்றதும் அப்படித்தான். மாசத்துக்கு நூத்துக்கு ரெண்டு, வருஷத்துக்கு 24%. "ரெண்டு"ங்கிற சின்ன எண்ணைக் கேட்டதும் பேங்க் 11%-ஐ விடக் கம்மின்னு தோணிடுது. ஒண்ணு மாசத்துக்கு, இன்னொண்ணு வருஷத்துக்கு.

தங்கத்துக்கு வருவோம். 22 கேரட்டுன்னா 24-ல 22 பங்கு தங்கம், அதாவது பன்னிரண்டுல பதினொண்ணு. 916-னு முத்திரை வர்றது அதனாலதான். நகைக்கடையில சேதாரம் 12.5%-ன்னா எட்டுல ஒரு பங்கு. எட்டு பவுன் எடுத்தா ஒன்பது பவுனுக்குக் காசு கட்டுறீங்க, ஜி.எஸ்.டி. அதுக்கு மேல. நாளைக்கே விக்கப் போனா எடைக்குத்தான் காசு. கல்யாணத்துக்குப் போட்டுக்க வாங்குறீங்களா, சந்தோஷமா வாங்குங்க. "முதலீடு"ன்னு சொல்லி வாங்குறீங்கன்னா அந்த ஒரு பவுன் முதல் நாளே போயிடுச்சுன்னு எழுதி வச்சுக்குங்க.

ஷேர்லயும் ஒரு பின்னம் இருக்கு. நாலுல ஒரு பங்கு விழுந்தா பழைய இடத்துக்கு வர மூணுல ஒரு பங்கு ஏறணும். மூணுல ஒரு பங்கு விழுந்தா பாதி ஏறணும். பாதி விழுந்தா முழுசா ரெட்டிப்பாகணும். விழும்போது கீழ இருக்கிற எண் பெருசு, ஏறும்போது சின்னதாயிடுச்சு. "50% விழுந்திருக்கு, 50% ஏறினா சரியாயிடும்"னு டிப்ஸ் கொடுக்கிறவங்களை அன்னிக்கே அன்ஃபாலோ பண்ணிடுங்க.

"ஆப் கணக்கு போட்டுடுமே?"

போடும். ஆனா நீங்க கொடுக்கிற எண்ணை வச்சுத்தான் போடும். சி.டி.சி.-யைக் கொடுத்தா சி.டி.சி.-க்குப் போடும், ஃப்ளாட் ரேட்டைக் கொடுத்தா அதையே உண்மை வட்டின்னு எடுத்துக்கும். வகுக்கிற வேலையை மெஷின் பார்த்துக்கட்டும். எதால வகுக்கணும்னு முடிவு பண்றது உங்க வேலை.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது ஒண்ணு இருக்கு. முதல் வேலையில 25,000 சம்பளம், எஸ்.ஐ.பி. 5,000. அஞ்சுல ஒரு பங்கு, அருமை. சில வருஷம் கழிச்சு சம்பளம் 50,000. எஸ்.ஐ.பி. அதே 5,000. "நான் தவறாம சேமிக்கிறேன்"னு நிம்மதியா இருக்கோம். ஆனா அஞ்சுல ஒண்ணு பத்துல ஒண்ணாயிடுச்சு. ஊருக்கு அனுப்புற காசும் அப்படித்தான். 25,000 வாங்கும்போது 5,000 அனுப்பினவங்க 50,000 வாங்கும்போதும் 5,000 அனுப்பினா, அங்க இருக்கிறவங்களுக்குப் பாதியாக் குறைஞ்சது தெரியாது, நமக்கும் தெரியாது. மளிகை விலை மட்டும் ஏறியிருக்கும்.

அதனால தொகையை முடிவு பண்ணாதீங்க, பங்கை முடிவு பண்ணுங்க. சேமிப்புக்கு அஞ்சுல ஒண்ணு, வீட்டுக்கு ஆறுல ஒண்ணு, உங்க குடும்பத்துக்கு எது பொருந்துதோ அது. சம்பளம் ஏறின மாசமே அந்தப் பங்கு தானா ஏறணும். வாடகை, இ.எம்.ஐ. எல்லாத்தையும் இதே மாதிரி கைக்கு வர்ற சம்பளத்துல எத்தனை பங்குன்னு எழுதிப் பாருங்க. எல்லாப் பங்கையும் கூட்டினா ஒண்ணுதான் வரணும். ஒண்ணுக்கு மேல வந்தா, அந்த மிச்சத்துக்குப் பேருதான் கடன்.

இந்த வாரம் உங்க பேஸ்லிப்பை எடுத்து மூணு விஷயம் பாருங்க. சி.டி.சி.-ல எத்தனை பங்கு கைக்கு வருது? அதுல எத்தனை பங்கு வாடகையும் இ.எம்.ஐ.-யும் சாப்பிடுது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சேமிச்ச பங்கும் இப்போ சேமிக்கிற பங்கும் ஒண்ணா? மூணாவது கேள்விக்கு வந்த பதிலை மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க. சம்பளத் தொகையை எழுத வேணாம், பின்னம் போதும்.